அற்புதராஜ் எனக்குக் கோத்துத் தந்த சக்கரங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வேலாயுதம் அண்ணன் போன் செய்தார். நான் காஞ்சிபுரத்தில் வேலை பார்க்கும் கல்லூரியில், இயற்பியல் ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்தேன். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல அவர். வெளியே வந்து எடுத்தேன்.

"நம்ம அற்புதம் போயிட்டாம்பா" என்றார். "காலைல டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருந்திருக்கான். ஷூ மாட்ட உக்காந்தவன் அப்படியே சாஞ்சிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி."

"அய்யோ" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. மனதில் முதலில் வந்து நின்றது வேறொன்று: வரும் ஞாயிறு அற்புதத்தின் முறை, இனி நான் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு நொடிதான் அந்த நினைப்பு இருந்தது. ஆனால் இருந்தது. அதை மறைத்துவிட்டு அற்புதராஜைப் பற்றி நல்ல வார்த்தைகளாக நாலு பக்கம் எழுத என்னால் முடியும். அந்த மாதிரி எழுத்தில் நான் தேறியவன்தான். அவரைத் தெரிந்தவர்களுக்காக எழுதுவதால் இந்த ஒரு தடவை அப்படிச் செய்ய வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அற்புதராஜ் உத்திரமேரூர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். ஐம்பத்திரண்டு வயது. ஏரிக்கரை தாண்டி இருக்கும் காலனியில் வீடு. மனைவி அமலா அக்கா அங்கன்வாடியில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டில் கூடி, வந்தவாசி ரோட்டிலோ வாலாஜாபாத் ரோட்டிலோ ஐம்பது அறுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு வரும் ஐந்து பேரில் அவர் ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர். சிமெண்ட் கடை வேலாயுதம் அண்ணன், நெல் மண்டிக்காரர், உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், நான், அவர். என்னைவிட அவர் நாலு வயது மூத்தவர். வேலாயுதத்தை நான் அண்ணன் என்பேன். அற்புதத்தை அற்புதம் என்பேன், நீ என்பேன். அவர் என்னை சார் என்பார். மூன்று வருடம் இது யாருக்கும் உறுத்தவில்லை, முக்கியமாக எனக்கு.

அவர் வந்த முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையில் யாரோ கழித்துப்போட்ட பழைய ஸ்டீல் ரோடு பைக், அதாவது ரேஸ் சைக்கிள், ஒன்றை வாங்கி, சக்கரங்களைத் தானே பிரித்துக் கோத்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயிண்ட் உரிந்திருந்தது, சக்கரம் மட்டும் துளி ஆட்டம் இல்லாமல் சுற்றியது. என்னுடைய வண்டி அப்போதுதான் புதிதாக வாங்கியது. ரிம் கருப்பாக, உயரமாக இருக்கும். கம்பிகள் குறைவு, முன்னால் இருபது, பின்னால் இருபத்து நாலு. அதன் அழகில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அற்புதம் குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தை எண்ணிப் பார்த்தார்.

"இன்னா சார், கம்பி கொறச்சலா கீது?"

நான் காற்றின் எதிர்ப்பைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். கம்பி குறைந்தால் எடை குறையும், காற்றைக் கிழிக்கும், நவீன தொழில்நுட்பம் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க இன்னா வெயிட்டு சார் இருப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது வாரமே பதில் கிடைத்தது. பழையசீவரம் மலையைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு வேகத்தடை, அதை ஒட்டி ஒரு பள்ளம். டங் என்று ஒரு சத்தம். பின் சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்து பிரேக்கில் உரசி நின்றுவிட்டது. ஊருக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். அற்புதம் தன் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தார். உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றி ஒதுக்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து, அதன் அண்டை வீட்டுக் கம்பிகள் இரண்டைக் கொஞ்சம் தளர்த்தினார், எதிர்ப்பக்கம் ஒன்றை முறுக்கினார், பிரேக்கைத் திறந்து விட்டார். "மெல்லமா உக்காந்து வாங்க சார். குதிக்காதீங்க" என்றார். வீடு வந்து சேர்ந்தேன்.

"கரண்ட் கம்பம் தானா நிக்கல சார்" என்று வரும் வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். "ஸ்டே கம்பி இந்தாண்ட அந்தாண்ட இழுத்துப் புடிச்சிக்கினுகீது, அதான் நிக்குது. சக்கரமும் அதேதான். உங்க வண்டியில ஆளு கம்மி, வேல ஜாஸ்தி." இயற்பியல் நடத்துகிறவனுக்கு லைன்மேன் சொல்லித்தர வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் நம் வாட்ஸாப் குழுவில், தயாரிப்பிலேயே குறை இருந்திருக்கிறது, கம்பெனிக்கு எழுதப் போகிறேன் என்று போட்டேன். அவர் செய்த உதவியைப் பற்றி ஒரு வரி இல்லை. போய்த் தேடிப் பார்க்கலாம், அந்தச் செய்தி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இனி நாஷ்டா விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வீட்டில் காலை நாஷ்டா என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். ஐந்து பேர், ஐந்து வாரத்துக்கு ஒரு முறை. அற்புதம் சேர்ந்தவுடன் வேலாயுதம் அண்ணன் பட்டியலில் அவர் பெயரையும் போட்டுவிட்டார். அதில் அவர் யோசிக்கவே இல்லை, அது அவர் பெருமை. யோசித்தவன் நான்.

என் முறை அவர் முறைக்கு முன்னால் வந்தது. அதுவரை எங்கள் வீட்டில் எவர்சில்வர் தட்டில்தான் இட்லி போடுவோம். அந்த ஞாயிறு எல்லோருக்கும் வாழை இலை. காபி எல்லோருக்கும் பேப்பர் கப்பில். அம்மாவின் மேல் பழியைப் போட்டுவிடலாம், அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, அவர்கள் காலம் அப்படி என்று சொல்லலாம். அம்மா முகத்தைச் சுளித்தது உண்மைதான். ஆனால் சனிக்கிழமை பஜாருக்குப் போய் இலைக்கட்டு வாங்கி வந்தவன் நான். ஒருவருக்கு மட்டும் இலை போட்டால் தெரிந்துவிடும், ஐந்து பேருக்கும் போட்டால் தெரியாது என்று திட்டம் போட்டவனும் நான்தான். புத்திசாலித்தனமாக இருந்ததாக அப்போது எனக்கு நினைப்பு.

அற்புதம் இலையைப் பார்த்தார். தண்ணீர் தெளித்தார். "சார் வூட்ல மட்டும் கல்யாணப் பந்தி மாதிரி எலை போட்டு கெவுரதையா சோறு போடுறாங்கப்பா" என்று சிரித்தார். நாலு இட்லி சாப்பிட்டார். எழுந்தபோது தன் இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார். மற்ற மூன்று பேரும் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். நான் அவரைத் தடுக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவர் முறை. வெள்ளிக்கிழமையே நான் குழுவில் எழுதினேன். காலனிக்குப் போகும் ரோடு இரண்டு கிலோமீட்டர் ஜல்லி, தார் கிடையாது, என் சக்கரம் ஏற்கெனவே ஒரு தடவை உடைந்தது, அந்த ரோட்டைத் தாங்காது, பஜாரில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாமா? நண்பர்களே, ஐந்து நிமிடத்தில் கட்டை விரல் காட்டினீர்கள். உங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் என்னைத் திட்டலாம். நடந்துகூடப் போயிருக்கலாம், சைக்கிளை ஏரிக்கரையில் பூட்டிவிட்டு. அதை யாரும் சொல்லவில்லை. கடைசியாக அற்புதம் எழுதினார்: "ஓகே சார். வீல் முக்கியம்."

இரண்டாவது முறை வந்தபோதும் அதையே சொன்னேன். அன்று ஓட்டலில் கை கழுவும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "சக்கரந்தான சார் பேஜாரு? வுடுங்க, அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம், எனக்குச் சக்கரம் தேர்ந்தெடுக்கும் வேலை நடந்தது. வேலை என்றால் அவருக்கு. எனக்கு அது பொழுதுபோக்கு. பணம் என்னுடையது, படம் பார்த்து ஆசைப்படுவது என்னுடையது. தினம் ஒரு சக்கரத்தின் படத்தை அனுப்புவேன். கம்பத்திலிருந்து இறங்கிய கையோடு போன் செய்வார்.

"சார், இந்த ரிம்மு ஒசரமா கீது. பாக்க ஜோரா இருக்கும். பள்ளத்துல வுழுந்தா அது வளஞ்சி குடுக்காது, கம்பிதான் அடி வாங்கும். குட்டையா, ரெட்டைச் சுவரு வச்ச ரிம்மா பாருங்க. உள்ள கொஞ்சம் அகலமா இருக்கட்டும், பெரிய டயரு ஒக்காரணும்."

சிவப்பு நிற அலுமினிய நிப்பிள் வேண்டும் என்று கேட்டேன். கம்பியின் முனையை ரிம்மில் முறுக்கிப் பிடிக்கும் அந்தச் சின்னத் திருகுக்குத்தான் நிப்பிள் என்று பெயர். என் வண்டியில் சிவப்புக் கோடு இருக்கிறது, பொருத்தமாக இருக்கும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணா சேர்ந்த எடத்துல மயைத் தண்ணி பட்டா இன்னா ஆவும்னு நான் தெனம் கம்பத்து மேல பாத்துக்கினுகீறேன் சார். வெள்ளையா பூத்துடும். அப்புறம் சாவி போட்டுத் திருப்பினா நொறுங்கிடும். பித்தள போடுங்க. அழகு ரோட்டுல போறப்ப யாருக்கும் தெரியாது."

கம்பி, முனைகளில் தடியாகவும் நடுவில் மெலிந்தும் இருக்க வேண்டும் என்றார். மெலிந்தால் உடைந்துவிடாதா என்று கேட்டேன். "எந்தக் கம்பியாவது நடுவுல ஒடஞ்சி பாத்துகீறீங்களா? ஹப்புகிட்ட வளையுற எடத்துலதான் போவும். நடுவுல கொஞ்சம் இழுத்துக் குடுத்துச்சின்னா வளைவுக்கு அடி கம்மி." சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பை அவர் தேர்ந்தெடுத்த விதம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நான் காட்டிய ஒவ்வொரு ஹப்பிலும் உள்ளே என்ன பேரிங் என்று எண்ணைப் பார்க்கச் சொன்னார். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நம் பஜாரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய், இது உன்னிடம் இருக்கிறதா என்று விசாரித்தார். மூன்று ஹப் கழிந்தது. நாலாவதன் பேரிங் அந்தக் கடையில் இருந்தது. "இத வாங்குங்க. இன்னும் பத்து வருசம் கயிச்சிக்கூட உத்திரமேரூர்லயே மாத்திக்கலாம்" என்றார். பத்து வருடம் என்று அவர் சொன்ன குரல் இப்போதும் கேட்கிறது.

எத்தனை கம்பி என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. நான் இருபத்தெட்டு என்றேன். அவர் முப்பத்திரண்டு என்றார். "நெசமா சொல்லுங்க, வெயிட்டு எவ்ளோ?"

"எழுபத்தெட்டு" என்றேன்.

என் வயிற்றைப் பார்த்தார். "என்கிட்ட பொய் சொல்லலாம் சார். கம்பிகிட்ட சொல்ல முடியாது."

எண்பத்தைந்து என்று ஒத்துக்கொண்டேன். முன்னாலும் பின்னாலும் முப்பத்திரண்டு என்று முடிவானது. அன்று அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நல்ல சக்கரம்னா ஒடையாத சக்கரம் இல்ல சார். ஒரு கம்பி ஒடஞ்சாலும் மீதி கம்பிங்க சேர்ந்து வூட்டாண்ட கொண்டாந்து வுடுதே, அதான் நல்ல சக்கரம்."

சாமான்கள் பார்சலில் வந்தன. அவர் வீட்டில் வைத்துத்தான் கோத்தார். ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பியைக் குறுக்கே தாண்டிப் போகும்படி கோத்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெண்டு எடுத்து, ஜோடி ஜோடியாகக் கம்பிகளைக் கையால் இறுக்கிப் பிசைந்து, மறுபடி பெண்டு எடுத்து. முடித்த பிறகும் உடனே தரவில்லை. தன் வண்டியில் அவற்றை மாட்டிக்கொண்டு பத்து நாள் அந்த ஜல்லி ரோட்டிலேயே வேலைக்குப் போய் வந்தார். "சார் வர்ற ரோடு. நான் மொதல்ல ஓட்டிப் பாத்துடறேன்" என்றார். பதினோராம் நாள் காலை பஸ் ஸ்டாண்டில் சக்கரங்களை என்னிடம் தந்தார். துடைத்து, எண்ணெய் போட்டு, கூடவே நாலு உபரிக் கம்பிகளை டேப் சுற்றி.

இரண்டே கால் வருடமாகிறது. திருவண்ணாமலை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஒரு கம்பி போகவில்லை. ஒரு தடவை பெண்டு எடுக்கவில்லை. செங்கல்பட்டிலும் சென்னையிலும் இருந்து வரும் சைக்கிள்காரர்கள் என் சக்கரத்தைப் பார்த்து விசாரிப்பார்கள். "நானே தேர்ந்தெடுத்தது" என்பேன். போன வருடம் ஒரு பெரிய குழுவில், ரோடு பைக்குக்கு நெடுநாள் உழைக்கும் சக்கரம் வாங்குவது எப்படி என்று நீளமாக ஒரு பதிவு எழுதினேன். குட்டை ரிம், பித்தளை நிப்பிள், உள்ளூரில் கிடைக்கும் பேரிங், மீதிக் கம்பிகள் வீட்டில் கொண்டுவந்து விடும் என்ற அந்த வாக்கியம், எல்லாம் அதில் இருந்தது. அவர் பெயர் இல்லை. நிறையப் பேர் பாராட்டினார்கள். வேலாயுதம் அண்ணன் அதை நம் குழுவிலும் போட்டார். அற்புதமும் கட்டை விரல் காட்டினார்.

சக்கரம் வந்த பிறகு வந்த அவருடைய முதல் முறைக்கு, டயர் மெலிசு என்று சொன்னேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் சொன்னேன். அவர் என் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் எத்தனை இடைவெளி என்று ஒரு திருகுச் சாவியை நுழைத்துப் பார்த்து, இருபத்தெட்டு சைஸ் தாராளமாகப் போகும் என்று தடித்த டயர் மாட்ட வைத்தார். அடுத்த முறைக்கு மழை. அதற்கடுத்ததற்கு எனக்கு வயிறு சரியில்லை. பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். பிறகு ஒரு மாணவனுக்கு ஏதோ தேர்வு, ஞாயிற்றுக்கிழமை தேர்வு! கல்லூரி ஆசிரியன் சொல்வதால் எல்லோரும் நம்பினீர்கள். நான் வராவிட்டால் மற்றவர்களும் ஓட்டல் என்று ஆகிவிட்டது. பட்டியலில் மட்டும் ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது. அவரும் அதை எடுக்கச் சொன்னதில்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, பழையசீவரத்தில் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அற்புதம் சும்மா என் முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்காண்ட ரோடு போட்டுட்டாங்க. தாரு. வூட்டு வாசப்படி வரைக்கும்."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். சந்தோஷம் என்று சொல்லியிருக்கலாம். வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவரைப் பார்க்காமல், "புது ரோடா? இந்த காண்ட்ராக்ட் ரோடெல்லாம் ஒரு மழை தாங்காது அற்புதம்" என்றேன்.

சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "நல்லா ஓடுதில்ல சார்? அது போதும்" என்றார். பிறகு எழுந்து தன் வண்டியை எடுத்துக்கொண்டார். அன்று வழியெல்லாம் என் முன்னால்தான் போனார், எதிர்க்காற்று என் மேல் படாமல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கல்லூரியில் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, வீட்டில் பையை வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். ஏன் மோட்டார் பைக்கை எடுக்காமல் சைக்கிளை எடுத்தேன் என்று தெரியவில்லை. ஏரிக்கரையைத் தாண்டினேன். நல்ல தார் ரோடு, ஒரு பள்ளம் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் வீடு ஒன்பது நிமிடம். மூன்று வருடமாக நான் வர முடியாத இடம்.

வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். அவருடைய பழைய வண்டி சுவரில் சாய்ந்திருந்தது. என் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தயங்கி நின்றபோது உள்ளிருந்து அமலா அக்கா பார்த்தார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததில்லை, நானும் அவரைப் பார்த்ததில்லை. அவர் கண் முதலில் என் சக்கரத்துக்குத்தான் போனது. பிறகு முகத்துக்கு வந்தது.

"நீங்கதானா சார் அது?" என்றார். "இத நாந்தான் புடிச்சிக்கினு இருந்தேன், அவரு கோக்கும்போது."

மாலையை வைத்துவிட்டு ஒரு ஓரமாக நின்றேன். மறுநாள் கல்லறைத் தோட்டம் வரை போனேன். மண் போட்டேன். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள், அன்றைக்கு யாருக்கும் எந்தச் சக்கரத்திலும் பிரச்சினை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சவாரி வேண்டாம் என்று குழுவில் முடிவானது. நான் யாரிடமும் சொல்லாமல் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அமலா அக்கா அப்போதுதான் ஞாயிறு ஜெபம் முடிந்து கோயிலிலிருந்து வந்திருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டார். இன்று அற்புதத்தின் முறை என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

"தெரியும் சார், இன்னிக்கு அவரு மொற" என்றார். "ஒவ்வொரு மொறைக்கும் சனிக்கெழம சாயங்காலம் வந்து, அமலா, நாளைக்கு அஞ்சு பேரு, மாவு ஆட்டி வையிம்பாரு. ஆட்டி வப்பேன். வடகறிக்குக் கடலப்பருப்பு ஊற வப்பேன். காலைல ஓட்டல்ல சாப்ட்டு வந்துடுவாரு. அப்புறம் மூணு நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் இட்லியும் தோசையுமா தின்னுக்கினு இருப்போம்."

"எல்லா முறையுமா?" என்று கேட்டேன்.

"எல்லா மொறையும். ரோடு போட்டப்புறம் ரெண்டு பங்கு ஆட்டச் சொன்னாரு."

கேட்க வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் கேட்டுவிட்டேன். "நான் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியுமா அக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "ஏன் சார், அவரு லைன்மேனு. எந்தக் கம்பியில கரண்டு ஓடுதுன்னு தொடாமயே தெரியும் அவருக்கு" என்றார். "நான் சண்டை போட்டேன் அன்னிக்கு. அவனே வரமாட்டான், அவனுக்கு எதுக்கு நீ ராவும் பகலும் ஒக்காந்து சக்கரம் கோக்குறன்னு. மன்னிச்சிக்கங்க, அப்படித்தான் சொன்னேன். அதுக்கு அவரு சொன்னாரு, சாரு வாய்ல சக்கரம்னு சொல்றாரு, சக்கரத்த நம்மளால சரி பண்ண முடியும். சரி பண்ணிக் குடுத்துட்டா, ஒண்ணு வூட்டுக்கு வரணும், இல்லாங்காட்டி உள்ளத வாயத் தொறந்து சொல்லணும். ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு சரிதான்னாரு."

இரண்டும் நடக்கவில்லை. அவர் எனக்குக் கொடுத்த இரண்டே கால் வருடத்தில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். அநேகமாகச் சிரித்திருப்பார். அடுத்த ஞாயிறும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பார். நான்தான் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வயதில் மூத்த அந்தப் பெண்மணியிடம் உள்ளதைச் சொன்னேன். இலை வாங்கியதைச் சொன்னேன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாதி என்ற வார்த்தையையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குப் போய்விட்டது. சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. கேட்க வேண்டியவர் இல்லாத இடத்தில் சொன்னது அது.

அமலா அக்கா எழுந்து உள்ளே போனார். ஏதாவது கொண்டுவந்து தருவார், இன்றைக்காவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று நான் காத்திருந்தேன். வெறும் கையோடுதான் வந்தார்.

"இன்னிக்கு மாவு ஆட்டல சார்" என்றார்.

நண்பர்களே, அற்புதராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று சொல்லி இதை முடிக்க வேண்டும். இரண்டு சக்கரங்கள், அறுபத்து நாலு கம்பிகள். இன்னும் எட்டு வருடம் நன்றாகவே உழைக்கும். அவற்றை அவர்தான் தேர்ந்தெடுத்தார், அவர்தான் கோத்தார் என்று அந்தப் பெரிய குழுவில் அவர் பெயரோடு நேற்று எழுதிவிட்டேன். அவரை அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, கூப்பிட ஆள் இல்லை. பட்டியலில் அவர் பெயரை எடுக்க வேண்டாம் என்று வேலாயுதம் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது வாரம் அந்த வீட்டுக்கு நான் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள், வராதவர்கள் காரணம் எதுவும் எழுத வேண்டாம்.

அமலா அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் அன்று எழுந்தேன், அடுத்த முறைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று. அவர் வாசல் வரை வந்து, நான் சைக்கிளை எடுக்கும் வரை நின்றார்.

"வாங்க சார்" என்றார். "வரலன்னாலும் சனிக்கெழமயே ஒரு போன் பண்ணிடுங்க. இப்ப நான் ஒருத்திதான், அவ்ளோ இட்லியத் திங்க முடியாது."